ஜாம்பியாவில் இரண்டு வருட வேலை, போகலாமா? பொருளாதாரம், செலவு, ஊர் சுற்றல்

#1 கூடல்நகர்

எல்லோருக்கும் வணக்கம். ஜாம்பியாவில் கிட்வே என்ற ஊரில், சுரங்க இயந்திரங்களைப் பராமரிக்கிற ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தம். பதில் சொல்ல மூன்று வாரம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். மனைவியும் ஆறு வயது மகளும் கூட வருவதாக இருக்கிறார்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஆப்பிரிக்கா என்ற சொல்லே பயம். எனக்குப் பயமில்லை, ஆனால் விக்டோரியா அருவியைத் தவிர அந்த நாட்டைப் பற்றி எதுவும் தெரியாது. 2020-இல் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த நாடு என்று ஒரு நண்பர் சொன்னார். 2024 முழுக்க அங்கே கரண்டே இல்லை என்று இன்னொருவர். அங்கே இருந்தவர்கள், இருப்பவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். நாடு எப்படிப் பிழைக்கிறது, சம்பளப் பணம் தாங்குமா, குழந்தையோடு போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

#2 செம்புமண்

தம்பி, நான் கிட்வேக்கு வந்து 11 வருடம் ஆகிறது. முதலில் ஊரைச் சொல்கிறேன், நாடு தானாகப் புரியும்.

கிட்வே, 'காப்பர்பெல்ட்' என்கிற செம்பு மாகாணத்தின் பெரிய ஊர். என்டோலா, சிங்கோலா, முஃபுலிரா, லுவான்ஷியா எல்லாம் சுற்றுவட்டாரம்தான். எல்லாமே சுரங்கத்துக்காகப் பிறந்த ஊர்கள். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரம் என்பதால் மதுரை வெயில் இங்கே கிடையாது. ஜூன், ஜூலையில் காலையில் ஸ்வெட்டர் வேண்டும். அக்டோபர்தான் சுடும்.

ஊருக்குள் ஒரு கறுப்பு மலை இருக்கிறது. பல பத்தாண்டுகளாகச் செம்பை உருக்கிக் கொட்டிய கசடு மலையாகவே நிற்கிறது. அதில் இன்னும் கொஞ்சம் செம்பு மிச்சமிருக்கிறது, அதைத் தோண்டி எடுத்துப் பிழைக்கிற இளைஞர்களை இங்கே 'ஜெராபோ' என்பார்கள். 2018-இல் அந்த மலை சரிந்து 10 பேர் இறந்தார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். நாட்டின் பணம் வருவதும் அதே செம்பில்தான், அந்தப் பையன்கள் சாவதும் அதற்காகத்தான்.

இந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் செம்பு. ஆப்பிரிக்காவில் காங்கோவுக்கு அடுத்து அதிகமாகச் செம்பு எடுக்கிற நாடு இதுதான். 1964 அக்டோபர் 24-இல் சுதந்திரம் வந்தபோது கையில் செம்பு இருந்தது, விலையும் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 7 லட்சம் டன் எடுத்தார்கள். முதல் அதிபர் கென்னத் கவுண்டாவின் அரசு சுரங்கங்களில் 51 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. பிறகு எண்ணெய் விலை ஏறியது, 1975-இல் செம்பு விலை விழுந்தது. விலை விழுந்ததும் இயந்திரம் மாற்றப் பணமில்லை. இயந்திரம் பழசாகப் பழசாக உற்பத்தியும் குறைந்தது. 2000 வாக்கில் இரண்டரை லட்சம் டன்னுக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் சுரங்கங்களை மறுபடி தனியாருக்கு விற்றார்கள். 2024-இல் 8.2 லட்சம் டன். 2030-களின் தொடக்கத்தில் 30 லட்சம் டன் எடுப்போம் என்பது அரசின் கனவு.

உங்களுக்கு வேலை கிடைத்திருப்பதும் இந்தக் கணக்கில்தான். செம்பு விலை நன்றாக இருக்கும்வரை பராமரிப்பு வேலைக்கு ஆள் தேவை. மின்சார வண்டிகள் பெருகுவதால் இப்போது விலை நன்றாகவே இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒன்று மட்டும் கவனமாகப் பாருங்கள்: சம்பளம் எந்தப் பணத்தில் கணக்கிடப்படுகிறது? இந்நாட்டுப் பணமான குவாச்சாவில் எழுதியிருந்தால், டாலர் மதிப்பு மாறும்போது என்ன செய்வார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நான் முதல் ஒப்பந்தத்தில் இதைக் கேட்கவில்லை. 2015-இல் ஒரே வருடத்தில் குவாச்சா பாதிக்குக் கீழே விழுந்தது. ஊருக்கு அனுப்பிய பணமும் அப்படியே பாதியானது.

கரண்ட் பற்றி ராத்திரி எழுதுகிறேன், ஷிஃப்ட் இருக்கிறது.

#3 வட்டிக்கணக்கு

ஜாம்பியா போனதில்லை, ஆனால் வளரும் நாடுகளின் கடன் பத்திரங்களைப் பார்ப்பது என் வேலை. கடன் கதையை நான் சொல்கிறேன்.

2005-இல் ஏழை நாடுகளுக்கான தள்ளுபடித் திட்டத்தில் ஜாம்பியாவின் வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதி தள்ளுபடியானது. சிலேட்டைத் துடைத்த மாதிரி. அந்த நேரம் சீனாவின் தேவையால் செம்பு விலையும் ஏறியது. 2012-இல் முதல்முறையாக டாலர் பத்திரம் வெளியிட்டு 75 கோடி டாலர் வாங்கினார்கள், வட்டி 5.375 சதவீதம். அந்த வாரத்தில் ஸ்பெயினே அதைவிட அதிக வட்டிக்குத்தான் கடன் வாங்கிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் கடன் கொடுக்கத் தயாராக நின்றது.

அடுத்த பத்திரம் 2014-இல், 100 கோடி, 8.5 சதவீதம். அதற்கடுத்து 2015-இல் 125 கோடி, 8.97 சதவீதம். வட்டி ஏறுவதைப் பாருங்கள். அப்போதே சந்தை எச்சரித்திருக்கிறது. இதோடு சாலை, விமான நிலையம், அணை என்று சீன வங்கிகளிடம் தனியாகக் கடன். டாலரில் வாங்கிய கடனை அடைக்க டாலர் தருவது செம்பு ஒன்றுதான். செம்பு விலை இறங்கினால் டாலர் வரத்து குறையும், குவாச்சா விழும், கடன் சுமை தானாகக் கூடும். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும்.

2020 நவம்பரில், 2014 பத்திரத்துக்குக் கட்ட வேண்டிய 4.25 கோடி டாலர் அரையாண்டு வட்டியைக் கட்டவில்லை. கோவிட் காலத்தில் கடனில் தவறிய முதல் ஆப்பிரிக்க நாடு என்று பெயர் வந்தது. 2021 ஆகஸ்ட் தேர்தலில் அதிபர் எட்கர் லுங்கு தோற்று, ஹகைண்டே ஹிச்சிலேமா வந்தார். 2022-இல் பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்) 130 கோடி டாலர் திட்டம் தந்தது. அரசுகளிடம் வாங்கிய 630 கோடி டாலர் கடனை மாற்றியமைக்க 2023 ஜூனில் ஒப்பந்தம், பத்திரக்காரர்களோடு 2024-இல்.

இந்த மூன்றரை வருடம்தான் எனக்கு வருத்தம். கட்ட முடியாது என்று நேர்மையாக ஒத்துக்கொண்ட நாட்டை, கடன் கொடுத்தவர்கள் தங்களுக்குள் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று சண்டை போட்டு இத்தனை நாள் காக்கவைத்தார்கள். அதுவரை புதுக் கடன் கிடைக்காது, புது முதலீட்டுக்கும் தயக்கம். மருத்துவமனைக்கு மருந்து வாங்குவதிலிருந்து எல்லாவற்றையும் அந்தத் தாமதம் பாதிக்கும்.

#4 சேதுக்கரை

சுத்தி வளைக்க வேண்டாம். சீனாக்காரன் வலை விரித்தான், மாட்டிக்கொண்டார்கள். இலங்கையில் நடந்த அதே கதை.

#5 வட்டிக்கணக்கு

சேதுக்கரை அண்ணா, அந்த 630 கோடியில் சீனாவின் பங்கு சுமார் 410 கோடி, அது உண்மைதான். பெரிய பங்கு, நான் மறைக்கவில்லை. ஆனால் டாலர் பத்திரங்களில் வாங்கிய 300 கோடி லண்டன், நியூயார்க் நிதி நிறுவனங்களின் பணம். வட்டியும் அதற்குத்தான் கடுமை. நின்றுபோனதும் அந்த வட்டிதான். ஒரே ஆள் மேல் பழியைப் போட்டால், செம்பு ஒன்றையே நம்பி டாலரில் கடன் வாங்கிய தவறு கண்ணில் படாமல் போய்விடும். இலங்கையும் 2022-இல் பத்திரக் கடனில்தான் முதலில் திணறியது.

குவாச்சா கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2013 ஜனவரியில் பழைய பணத்திலிருந்து மூன்று சைபரை வெட்டிப் புதுப்பணம் கொண்டுவந்தார்கள். அப்போது டாலருக்கு 5 குவாச்சா சொச்சம். 2021 நடுவில் 22. 2024 கடைசியில் 28-ஐத் தொட்டது. 2025-இல் மழையும் செம்பு விலையும் கைகொடுக்கவே மறுபடி வலுத்தது. செம்புமண் சொன்ன ஒப்பந்த விஷயத்தை இந்த எண்களோடு சேர்த்துப் பாருங்கள்.

#6 செம்புமண்

கரண்ட் கதை. இதை நீங்கள் முழுசாகப் புரிந்துகொண்டு வர வேண்டும்.

இங்கே மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நீர்மின்சாரம். ஜாம்பெசி ஆற்றில் கரீபா அணை, காஃபுவே ஆற்றில் சில நிலையங்கள். கரீபா 1950-களில் கட்டியது, கொள்ளளவில் உலகிலேயே பெரிய செயற்கை ஏரி. பாதி ஜிம்பாப்வேக்குச் சொந்தம். அணைக்காக இரு கரையிலும் சுமார் 57,000 டோங்கா மக்களை மேட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய ஆற்றுத் தெய்வம் நியாமிநியாமி, மீன் தலையும் பாம்பு உடலும் கொண்டது. அணை அந்தத் தெய்வத்தை அதன் துணையிடமிருந்து பிரித்துவிட்டது என்பார்கள்.

2023-24 மழை பொய்த்தது. எல் நினோ வருடம். 2024 பிப்ரவரி 29-இல் அதிபர் தேசியப் பேரிடர் என்று அறிவித்தார். 22 லட்சம் ஹெக்டேர் மக்காச்சோளத்தில் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் கருகியது. முந்தைய வருடம் 32 லட்சம் டன் வந்த விளைச்சல் 15 லட்சம் டன்னானது. அப்புறம் ஏரி வற்றியது. ஒரு நாளில் மூன்று மணி நேரம் கரண்ட் வந்தால் அதிர்ஷ்டம் என்ற நிலைமை. சில நாள் அதுவும் இல்லை.

என் தெருவில் ஒரு வெல்டிங் கடை இருக்கிறது. அந்தப் பையன் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வரும் என்று கடையிலேயே படுத்திருப்பான். வந்ததும் எழுந்து விடியும்வரை கேட் கிராதி ஒட்டுவான். நெருப்புப் பொறி என் ஜன்னலில் தெரியும். முடிவெட்டுகிற கடைக்காரர் கார் பேட்டரியை வைத்துச் சமாளித்தார். கோழிக்கறி வியாபாரம் செய்த அம்மாவுக்குத்தான் வழியே இல்லை, ஃப்ரீசரை விற்றுவிட்டார். வீடுகளில் எல்லோரும் 'ம்பவுலா' அடுப்புக்குத் திரும்பினார்கள். தகர அடுப்பு, உள்ளே கரி. கரிக்காகக் காடு அழிந்தது தனிக் கணக்கு. பெரிய சுரங்கங்கள் வெளிநாட்டிலிருந்து மின்சாரம் வாங்கி ஓட்டின. அதற்கு டாலர் வேண்டும், அந்த டாலரால் குவாச்சா இன்னும் விழுந்தது.

2024-25 மழை நன்றாகப் பெய்தது. விளைச்சல் 36 லட்சம் டன்னைத் தாண்டி இதுவரை இல்லாத அளவுக்கு வந்தது. ஆனால் இவ்வளவு பெரிய ஏரி ஒரே மழையில் நிரம்பாது. அதனால் வீடு பார்க்கும்போது சோலார் பேனலும் பேட்டரியும் இருக்கிற வீடாகப் பாருங்கள். ஆழ்துளைக் கிணறு இருந்தால் இன்னும் நல்லது. வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

#7 முத்துநகர்

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். செம்பு என்றாலே எங்களுக்கு வேறு ஞாபகம். 2018 மே மாதம் வேதாந்தா குழுமத்தின் ஸ்டெர்லைட் செம்பு ஆலைக்கு எதிரான போராட்டத்தில், இங்கே துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள்.

சிங்கோலாவில் இருக்கிற கொன்கோலா சுரங்க நிறுவனமும் அதே வேதாந்தா குழுமத்துடையது என்பது பலருக்குத் தெரியாது. 2004-இல் வாங்கினார்கள். காஃபுவே ஆற்றுப் பக்கத்துக் கிராம மக்கள், தங்கள் தண்ணீரும் நிலமும் கெட்டுப்போனதாகச் சொல்லி லண்டனில் வழக்குப் போட்டார்கள். 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், இந்த வழக்கை இங்கிலாந்திலேயே விசாரிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. தாய் நிறுவனம் இருக்கிற நாட்டிலேயே வழக்காடலாம் என்பதற்கு உலகம் முழுக்க அந்தத் தீர்ப்பைத்தான் இன்று மேற்கோள் காட்டுகிறார்கள். அதைச் சாதித்தவர்கள் சிங்கோலா விவசாயிகள். அதே வருடம் ஜாம்பியா அரசு அந்த நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. சில வருட வழக்குக்குப் பிறகு மறுபடி வேதாந்தாவிடமே போனது.

2025 பிப்ரவரி 18-இல் சாம்பிஷி பக்கத்தில் ஒரு சீனச் சுரங்க நிறுவனத்தின் கழிவுக் குளக்கரை உடைந்து, அமிலத் தண்ணீர் ஓடை வழியாகக் காஃபுவேயில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன, கிட்வேக்குக் குடிநீர் நின்றது. கூடல்நகர், நீங்கள் இருக்கப்போவது அந்த ஆற்றங்கரைதான். வேலையை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வீடு பார்க்கும் முன்பே கேளுங்கள்.

#8 செம்புமண்

முத்துநகர் சொல்வது சரி. அந்த வாரம் நாங்கள் பாட்டில் தண்ணீரில்தான் சமைத்தோம். லாரித் தண்ணீருக்குத் தெருவில் குடம் வரிசை கட்டியது. பிறகு ஆற்றில் சுண்ணாம்பு போட்டு அமிலத்தைக் குறைத்தார்கள். ஆற்றங்கரையில் மக்காச்சோளம் போட்டிருந்தவர்களின் நஷ்டத்தைச் சுண்ணாம்பால் சரிசெய்ய முடியாது.

#9 டீச்சரம்மா

இந்த இழையைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நானும் என் கணவரும் 1984-இல் ஜாம்பியாவுக்குப் போனோம், இரண்டு பேரும் பள்ளி ஆசிரியர்கள். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து நிறைய ஆசிரியர்கள் அங்கே போனார்கள். முதலில் வடக்கே கசாமா, பிறகு தலைநகர் லுசாக்கா. 2003-இல் திரும்பினோம். எங்கள் பையன் பேசிய முதல் வாக்கியம் பெம்பா மொழியில்தான்.

எல்லோரும் கடன், செம்பு என்று பேசுகிறீர்கள். தம்பி, உங்கள் மனைவிக்கு நான் சொல்ல வேண்டியது வேறு.

கடைக்குப் போனால் நேராக விலை கேட்கக்கூடாது. முதலில் வணக்கம், நலம் விசாரிப்பு, அப்புறம்தான் தக்காளி. காப்பர்பெல்ட்டில் 'முலி ஷானி' என்று பெம்பாவில் கேட்க வேண்டும், லுசாக்காவில் 'முலி புவாஞ்சி' என்று நியாஞ்சாவில். எழுபதுக்கு மேல் இனக்குழுக்கள் உள்ள நாடு. 'ஒரே ஜாம்பியா, ஒரே தேசம்' என்று கவுண்டா சொன்னது வெறும் மேடைப்பேச்சு இல்லை. ஒரு மாகாணத்துக்காரரை இன்னொரு மாகாணத்துக்கு வேலைக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அதனால் வீட்டுக்கு வீடு கலப்புக் கல்யாணம். சுற்றிலும் எட்டு நாடுகள், அவற்றில் எத்தனையில் போர் நடந்திருக்கிறது! இங்கே தேர்தலில் தோற்ற அதிபர்கள் இறங்கிப்போயிருக்கிறார்கள். கவுண்டாவே 1991-இல் தோற்றதும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

சாப்பாடு 'இன்ஷிமா'. வெள்ளை மக்காச்சோள மாவை கொதிக்கிற தண்ணீரில் கொட்டி, துடுப்பு மாதிரி இருக்கிற மரக்கரண்டியால் கிளறுவார்கள். நம் கேப்பைக்களி கிளறுவது போலத்தான், தோள் வலிக்கும். பக்கத்து வீட்டு அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தார். நான் கிளறியதில் கட்டி தட்டியதும் கரண்டியை வாங்கி, பானையைக் காலால் அணைத்துக்கொண்டு, நாலே சுற்றில் வழவழப்பாக்கினார். தொட்டுக்கொள்ள பூசணி இலையை நிலக்கடலைப் பொடியில் வேகவைத்த கீரை. 'கபென்டா' என்று சின்னக் கருவாடு. தக்காளி வெங்காயத்தில் வதக்கினால் நம் நெத்திலியேதான், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். சாப்பாட்டுக்கு முன் வீட்டில் சின்னவர்கள் கிண்ணமும் தண்ணீரும் கொண்டுவந்து பெரியவர்கள் கையைக் கழுவிவிடுவார்கள்.

1993 ஏப்ரல் மாதம். கால்பந்து அணி போன விமானம் காபோன் நாட்டின் லிபரவில்லை விட்டுக் கிளம்பியதும் கடலில் விழுந்து 30 பேரும் இறந்துபோனார்கள். 18 பேர் விளையாட்டுக்காரர்கள். உடல்கள் வந்த அன்று விமான நிலையத்திலிருந்து மைதானம்வரை சாலையின் இரண்டு பக்கமும் ஜனம். சத்தமில்லாத ஜனம். என் வகுப்பில் 42 பிள்ளைகள், ஒருவர்கூடப் பேசவில்லை. 2012-இல் அதே லிபரவில்லில் ஆப்பிரிக்கக் கோப்பையை ஜாம்பியா ஜெயித்தது. பெனால்டியில் 8-7. நாங்கள் சென்னையில் டிவி முன்னால் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். என் கணவர் அழுததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன், அன்று அழுதார்.

#10 கூடல்நகர்

டீச்சரம்மா, உங்கள் பதிவை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கும். நெத்திலி என்றதும் அம்மாவுக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

சுற்றிப் பார்ப்பதற்கு யாராவது சொல்லுங்கள். அப்புறம் மலேரியா?

#11 நடைவண்டி

மூன்று தடவை போயிருக்கிறேன், இரண்டு தடவை தனியாக. அங்கே எந்த மாதம் போகிறோம் என்பதுதான் எல்லாமே. ஊரும் இரண்டாம்பட்சம்தான்.

மழை நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரல்வரை. அருவிக்குத் தண்ணீர் மேலே அங்கோலா பக்கமிருந்தெல்லாம் வர வேண்டும். அதனால் மழை முடிகிற நேரத்தில்தான், மார்ச் முதல் மே வரை, அருவி முழு வேகத்தில் இருக்கும். அகலம் 1,708 மீட்டர், உயரம் 108 மீட்டர். உள்ளூர்ப் பெயர் 'மோசி-ஓவா-துன்யா', இடியாய் முழங்கும் புகை. ஏப்ரலில் அருவிக்கு எதிரே இருக்கிற 'கத்தி முனை' நடைபாலத்தில் நடந்தேன். ரெயின்கோட் போட்டும் பிரயோசனமில்லை, மழை கீழேயிருந்து மேலே அடிக்கிறது. எதிரே அருவி இருப்பது சத்தத்தில்தான் தெரியும், கண்ணுக்கு வெள்ளையைத் தவிர எதுவுமில்லை. பௌர்ணமியில் ராத்திரி திறந்துவிடுவார்கள், நிலா வெளிச்சத்தில் வானவில் தெரியும்.

அதே இடத்துக்கு நவம்பர் தொடக்கத்தில் போனால் ஜாம்பியா பக்கம் வெறும் பாறை. தண்ணீர் ஜிம்பாப்வே பக்கம்தான் விழும். நிறையப் பேர் தீபாவளி விடுமுறையில் போய்விட்டு ஏமாந்து எழுதுகிறார்கள். அந்த நேரத்தில் போனால் எல்லையைத் தாண்டி எதிர்க்கரைக்கும் போய்விடுங்கள். 1905-இல் கட்டிய பாலத்தில் நடந்தே கடக்கலாம். இரண்டு நாட்டுக்கும் சேர்த்து 50 டாலருக்கு 'காசா' விசா இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்பதையும், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விதியையும் டிக்கெட் போடுவதற்கு முன் அரசுத் தளங்களில் பாருங்கள்.

மிருகங்கள் பார்க்க ஜூலை முதல் அக்டோபர். புல் காய்ந்து, தண்ணீர் இருக்கிற இடத்தில் எல்லாம் கூடும். என் மனதில் நிற்பது தெற்கு லுவாங்வா தேசியப் பூங்கா. துப்பாக்கி வைத்திருக்கிற காவலரோடு நடந்தே காட்டுக்குள் போகிற பழக்கத்தை நார்மன் கார் அங்கேதான் தொடங்கிவைத்தார். ஜீப்பில் உட்கார்ந்து சிங்கம் பார்ப்பது ஒன்று. மண்ணில் பதிந்த காலடி இன்னும் ஈரமாக இருக்கிறது என்று வழிகாட்டி குனிந்து காட்டும்போது நம் இதயம் அடிப்பது வேறு. ஆனால் நடைக்குச் சின்னக் குழந்தைகளை விடமாட்டார்கள், உங்கள் மகளுக்கு ஜீப்தான். செப்டம்பரில் ஆற்றங்கரை மண் சுவரில் சிவப்புப் பஞ்சுருட்டான் குருவிகள் ஆயிரக்கணக்கில் பொந்து வைத்திருக்கும், அது அவளுக்குப் பிடிக்கும்.

கிட்வேயிலிருந்து பக்கமாக வேண்டுமென்றால் சிம்ஃபுன்ஷி. சிங்கோலாவைத் தாண்டி, அதே காஃபுவே ஆற்றங்கரையில், கடத்தல்காரர்களிடமிருந்து மீட்ட சிம்பன்சிகளை வளர்க்கிறார்கள். 1983-இல் காயம்பட்ட ஒரே ஒரு குட்டியோடு ஆரம்பித்தது. காலைச் சாப்பாடு போடும் நேரத்துக்குப் போய்விடுங்கள்.

நவம்பரில் கசங்கா தேசியப் பூங்கா. சுமார் ஒரு கோடிப் பழந்தின்னி வௌவால்கள் ஒரு சின்னக் காட்டுக்கு வந்து தங்கும். அந்தி சாயும்போது எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும், வானம் முழுக்க. உலகில் இவ்வளவு பாலூட்டிகள் ஒரே நேரத்தில் இடம்பெயர்வது வேறெங்கும் இல்லை. அங்கே போய்ச்சேருவது கஷ்டம், சாலை மோசம், ஆனாலும் போங்கள்.

மலேரியா உண்டு. கொசுவலை, மாலையில் முழுக்கை. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, நாளை பார்க்கலாம் என்பது கூடாது. தடுப்பு மாத்திரையைக் கிளம்புமுன் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

#12 ரயில்பிரியன்

கசாமா என்று டீச்சரம்மா சொன்னதும் டசாரா ரயில் ஞாபகம் வந்தது. அது ஓடுகிறதா?

#13 டீச்சரம்மா

நாங்கள் கசாமாவுக்கு முதலில் போனதே அந்த ரயிலில்தான், கப்பிரி ம்போஷியில் ஏறினோம். தான்சானியாவின் தார் எஸ் சலாம்வரை 1,860 கி.மீ. அது கட்டிய காலத்தில் தெற்கே ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் அரசு இருந்தது. ஜாம்பியாவின் செம்பு அவர்கள் வழியாகத்தான் துறைமுகத்துக்குப் போக வேண்டும். விடுதலைப் போராளிகளுக்கு இடம் கொடுத்த கவுண்டாவுக்கு அந்தக் கயிறு கழுத்தில் இருந்தது. மேற்கு நாடுகள் கட்டுபடியாகாது என்று ஒதுங்கின. சீனா கட்டித் தந்தது, 1970 முதல் 1975வரை. ராத்திரி ஏதாவது ஸ்டேஷனில் நிற்கும், இருட்டுக்குள்ளிருந்து பெண்கள் வேர்க்கடலையும் வாழைப்பழமும் தலையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடிவருவார்கள்.

#14 செம்புமண்

இப்போது பயணிகள் ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள், அடிக்கடி நின்றுபோகிறது. பாதையைப் புதுப்பிக்க 2024-இல் சீனாவோடு ஒப்பந்தம் போட்டார்கள். மேற்கே அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்கு ஒரு பாதைக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் பணம் போடுகின்றன. கடல் இல்லாத நாட்டுக்கு இரண்டு வழி கிடைத்தால் நல்லதுதான். இன்றைக்குச் செம்பு பெரும்பாலும் லாரியில்தான் போகிறது. லுசாக்கா சாலையில் இரவில் கார் ஓட்டாதீர்கள், விளக்கில்லாமல் பழுதாகி நிற்கிற லாரிகள்தான் ஆபத்து. 360 கி.மீ. என்பதால் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம்.

சிசோக்கோனே சந்தையில் காய்கறி எல்லாம் கிடைக்கும். பருப்பு, மசாலாவுக்குக் குஜராத்திக் கடைகள் இருக்கின்றன, நூறு வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் கடை வைத்திருக்கிற சமூகம். பணம் கொடுப்பதெல்லாம் செல்போனில்தான், தெருவுக்குத் தெரு ஏர்டெல், எம்.டி.என் கூண்டுக்கடை.

#15 சேதுக்கரை

ஒரு கேள்வி. இவ்வளவு செம்பு, மரகதம், தண்ணீர், நிலம். தமிழ்நாட்டைப்போல கிட்டத்தட்ட ஆறு மடங்கு பரப்பு, ஜனத்தொகை 2 கோடிதான். அப்புறம் ஏன் ஏழை?

#16 வட்டிக்கணக்கு

அண்ணா, இந்தக் கேள்விதான் முக்கியம். 2022 கணக்கெடுப்பில் 60 சதவீதம் பேர் வறுமையில். கிராமத்தில் 78.8, நகரத்தில் 31.9. இந்த இடைவெளியில்தான் பதில் இருக்கிறது. சுரங்கம் பணம் தரும், ஆனால் கொஞ்சம் பேருக்குத்தான் வேலை தரும். கிராமத்தில் ஒரு குடும்பம் மழையை நம்பி ஒரே பயிர், மக்காச்சோளம், போடுகிறது. அரசும் உர மானியம், கொள்முதல் என்று அந்த ஒரு பயிருக்கே செலவழித்தது. கம்பும் மரவள்ளியும் வறட்சி தாங்கும், அவற்றைக் கவனிக்கவில்லை. சுத்திகரித்த தகடாக (கேத்தோடு) செம்பு வெளியே போகிறது, கம்பியாகவும் மோட்டாராகவும் வேறு நாட்டிலிருந்து திரும்பி வருகிறது. மரகதம் ஜெய்ப்பூரில் பட்டை தீட்டப்படுகிறது, லாபம் அங்கேதான்.

நல்லதும் நடக்கிறது. 2022 முதல் பள்ளிக்கல்வி இலவசம். அதே வருடம் 30,000 ஆசிரியர்களை வேலைக்கு எடுத்தார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் தருகிற வளர்ச்சி நிதியை 16 லட்சம் குவாச்சாவிலிருந்து 2.5 கோடிக்கு மேல் உயர்த்தினார்கள். அந்தப் பிள்ளைகள் படித்து வெளியே வரும்போது சுரங்கத்துக்கு வெளியே வேலை இருக்குமா என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

#17 கூடல்நகர்

ஏழு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவும். கிட்வேயில்தான் இருக்கிறோம்.

செம்புமண் அண்ணா சொன்னபடி, டாலர் மதிப்பு மாறினால் சம்பளத்தைத் திருத்துவது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினேன். முதலில் தயங்கினார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். சோலாரும் ஆழ்துளைக் கிணறும் உள்ள வீடு. தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிவந்தோம், முத்துநகருக்கு நன்றி.

மகள் பள்ளியில் பெம்பா கற்றுக்கொள்கிறாள். பெரியவர்களிடம் எதையாவது வாங்கும்போது முழங்காலை மடித்து மெல்லக் கைதட்டிவிட்டு வாங்குகிறாள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்தே பழகிவிட்டாள். சிம்ஃபுன்ஷிக்கு இரண்டு தடவை போய்வந்தோம். அருவிக்கு ஏப்ரலில் போகலாம் என்று இருக்கிறோம்.

போன வாரம் முதல் மழை பெய்தது. மறுநாள் காலையில் தெரு முழுக்க மண்வெட்டியோடு நிற்கிறார்கள். வீட்டு முன்னால், சாலை ஓரம், ரயில் பாதைப் பக்கம், இடம் இருக்கிற எல்லா இடத்திலும் மக்காச்சோளம் ஊன்றுகிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா எங்கள் வாசலைப் பார்த்துவிட்டு, இவ்வளவு மண்ணைச் சும்மா போட்டிருக்கிறீர்களே என்று கேட்டுவிட்டு, ஒரு கை விதை கொடுத்துவிட்டுப் போனார். ஊன்றியாயிற்று.

வேலை செய்கிற இடத்தில் எல்லோரும் காலையில் இரண்டு எண்ணைப் பார்க்கிறார்கள். ஒன்று லண்டனில் செம்பு விலை, இன்னொன்று கரீபா ஏரியின் நீர்மட்டம். 475.5 மீட்டருக்குக் கீழே போனால் மின்சாரம் எடுக்க முடியாது, 488.5 என்றால் ஏரி நிறைந்துவிட்டது. நான் வீட்டில் சொல்லிச் சொல்லி மகளுக்கும் அது பழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை தாத்தாவோடு போனில் பேசும்போது, வைகை அணையில் எத்தனை அடி என்று கேட்டுக்கொண்டு, இங்கே கரீபாவில் எத்தனை மீட்டர் என்று அவருக்குச் சொல்கிறாள்.